சுவரின் வரலாறு: புத்தளக் கரையும் ஜிப்சம் பலகையும்

மனிதன் வாழுமிடத்தின் வரலாறு பெரும்பாலும் கூரையின் வரலாறாகவோ கோபுரத்தின் வரலாறாகவோதான் எழுதப்பட்டு வந்துள்ளது. கோட்டையின் மதிலைப் பற்றிப் பேசும் வரலாற்றாசிரியன் குடியானவனின் வீட்டுச் சுவரைப் பற்றிப் பேசுவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தின் பொருளியல் நிலை, அதன் உழைப்பு முறை, இயற்கையோடு அது கொண்ட உறவு ஆகியன யாவும் சுவரிலே பதிந்து கிடக்கின்றன. எப்பொருளாற் சுவர் எழுந்தது, அப்பொருளை யார் அகழ்ந்தனர், அச்சுவரின் உள்ளே யார் உறங்கினர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்டால் அச்சமுதாயத்தின் வரலாற்றிற் பாதி விளங்கிவிடும்.

இந்நோக்கில் ஆராய்வதற்கு இலங்கையின் வடமேற்குக் கரை மிகவும் ஏற்றதொரு களமாகும். பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் வீதியில், ஒருபுறம் புத்தளக் கடனீரேரியும் மறுபுறம் இந்து சமுத்திரமும் சூழ்ந்திருக்கும் ஒடுங்கிய மணற்றரையில், நுரைச்சோலையை அடுத்து அமைந்திருப்பது மாம்புரி. மீன்பிடியும் தோட்டச் செய்கையும் இங்குள்ளோரின் வாழ்வுக்கு ஆதாரம். மணலும் உப்புக் காற்றுமே இவ்வூரின் நிலையான செல்வங்கள். இம்மணற்றரையில் மரம், கிடுகு, முருகைக்கல், சுண்ணாம்பு, சீமெந்து என்று சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறி வந்துள்ளன. இன்று கட்டடங்களின் உட்புறத்தை ஆளும் ஜிப்சம் பலகை அவ்வரிசையில் இறுதியாக வந்து சேர்ந்தது. அது முற்றிலும் அந்நியப் பொருள் போலத் தோன்றினும், அதன் மூலப்பொருளும் அதன் அமைப்பு முறையும் இக்கரைக்குப் புதியனவல்ல என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

மரமதிலும் கிடுகுத் தட்டியும்

புத்தளக் கரையின் சுவர்களைப் பற்றிய பழைய சான்றுகளுள் ஒன்றைத் தந்தவர் ஓர் அந்நியர். 1344 ஆம் ஆண்டில் இக்கரையை வந்தடைந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்த ‘பத்தாலா’ என்னும் நகரத்தைக் கண்டார். அது சிறியதாயினும் அழகியதென்றும், அதைச் சூழ்ந்திருந்த மதில் மரத்தாலானதென்றும், காவற் கோபுரங்களும் மரத்தாலானவையே என்றும் அவர் குறித்துள்ளார். அந்நகரம் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அரசன் இருந்த நகருக்கே மதில் மரத்தாலானதாக இருந்ததெனின், சாதாரண மக்களின் இல்லங்கள் மரக்கழியாலும் ஓலையாலும் ஆகியிருந்தன என்று ஊகிப்பது பிழையாகாது.

இக்கரையோர வீட்டின் மரபுவழிச் சுவர் இரு வகைப்பட்டது. முதலாவது கிடுகுச் சுவர். கழிகளை நட்டு, குறுக்கே சலாகைகளைக் கட்டி, பின்னிய தென்னங்கிடுகை அவற்றின்மேல் வைத்துக் கட்டுவது இதன் முறை. இரண்டாவது வரிச்சுச் சுவர். இதில் நட்ட கழிகளின் இருமருங்கிலும் வரிச்சுக்களைக் கட்டி, இடைவெளியிற் குழைத்த மண்ணை அப்பி மெழுகுவர். இரண்டிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. கூரையின் பாரத்தைத் தாங்குவது கழியேயன்றிச் சுவரன்று. சுவர் வெறும் போர்வை. அது காற்றையும் கண்ணையும் தடுக்கும், வேண்டும்போது அவிழ்த்தும் மாற்றலாம். எலும்பும் தோலும் போலச் சட்டகமும் போர்வையும் பிரிந்து நிற்கும் இவ்வமைப்பு முறை கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் பேசப்படும் என்பதால் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இச்சுவருக்குக் குறைகள் இல்லாமலில்லை. கிடுகு நெடுங்காலம் உழைப்பதில்லை. தீயின் ஒரு பொறி போதும், குடிசை வரிசை முழுவதும் சாம்பலாகிவிடும். மழை மண்ணைக் கரைக்கும், கறையான் கழியை அரிக்கும். ஆனால் அதன் மூலப்பொருளை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதைக் கட்டும் அறிவோ வீட்டுக்கு வீடு இருந்தது. வறுமையின் சுவர் என்று அதை இகழ்வோர் இந்தச் சுதந்திரத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கல்லும் சுண்ணாம்பும்

இக்கரையிற் கற்சுவர் வலிமையின் சின்னமாகவே எழுந்தது. 1659 இல் கற்பிட்டியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1667 ஆம் ஆண்டிலே அங்கு கோட்டை கட்டத் தொடங்கினர். 1676 அளவில் அது நிறைவுற்றது. போர்த்துக்கேயர் காலத்து யேசு சபையினரின் தேவாலயம் இருந்த இடத்திலேயே அது எழுந்தது. கடனீரேரியின் வாயிலைக் காத்து நின்ற அக்கோட்டையின் நோக்கம், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் வெளிநாட்டு வாணிபத்தைத் தடுப்பதாகும். அதன் மதில்கள் முருகைக்கல்லாலும் சுண்ணக்கல்லாலும் ஆனவை. கடல் பல்லாயிரம் ஆண்டுகளாக வளர்த்த முருகைக் கற்பார் ஒரு வாணிபக் கம்பனியின் இலாபத்துக்கு அரணாயிற்று. சுண்ணாம்புச் சாந்தும் கடல் தந்ததே. முருகைக்கல்லையும் சிப்பியையும் சூளையிலிட்டுச் சுட்டால் நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். அதை நீற்றி மணலோடு சேர்த்தால் சாந்து ஆகும்.

கற்பிட்டி மண்ணிற் பிறந்த அறிஞர் சைமன் காசிச்செட்டி (1807–1860) இலங்கையின் ஊர்களையும் மக்களையும் அகரவரிசையில் விபரிக்கும் நூலை 1834 இல் வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859 இல் ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. ஊரை எழுத்திலே பதிவு செய்யும் மரபு இக்கரைக்கு அயலானதன்று என்பதற்கு அவரே சான்று.

சுண்ணாம்புச் சுவர் பின்னர் கோட்டையை விட்டு வெளியேறி வசதி படைத்தோரின் இல்லங்களுக்கும் வணக்கத் தலங்களுக்கும் பரவியது. அதன் விலையைக் கடல் கொடுத்தது. முருகைக்கல் அகழ்வு கரையைக் காக்கும் இயற்கை அரணையே உடைப்பது என்பது காலந் தாழ்த்தியே உணரப்பட்டது. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988 ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வுக்கும் சுண்ணாம்புச் சூளைக்கும் தடை விதித்தன. கற்பிட்டிக்கு மேற்கேயுள்ள முருகைக் கற்பார்த் தொடர் 1992 இல் கடற் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆகவே பழைய சுவரின் மூலப்பொருள் இன்று சட்டத்தால் மூடப்பட்ட கதவாகும்.

உப்பளத்தின் அயல் விளைவு

புத்தளம் என்னும் பெயரைப் ‘புது அளம்’ எனப் பிரித்துப் பொருள் கொள்வோர் உளர். அளம் என்பது உப்பு விளையும் நிலத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். உப்பை வண்டியிலேற்றி ஊரூராகச் சென்று விற்ற உமணரைச் சங்க இலக்கியம் நன்கு அறியும். ஆனால் உப்பு விளையும் பாத்தியிலே உப்பிற்கு முன்னரே விளையும் இன்னொரு பொருளைப் பலரும் கவனிப்பதில்லை. அதுவே ஜிப்சம்.

கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டது நாம் உண்ணும் சோடியங் குளோரைட்டு. கல்சியஞ் சல்பேற்று ஒன்றரைக் கிராமுக்கும் குறைவே. வெயிலிற் கடல்நீர் வற்றும்போது இவை எல்லாம் ஒருங்கே படிவதில்லை, ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகவே படிகின்றன. முதலிற் சிறிதளவு சுண்ணக் காபனேற்று படியும். நீரின் கனவளவு ஏறத்தாழ ஐந்திலொன்றாகக் குறையுங்கால் ஜிப்சம் பளிங்காகப் படியத் தொடங்கும். பத்திலொன்றளவாகக் குறைந்த பின்னரே உப்பு விளையும். இதனாலேயே உப்பளத்தில் நீரை ஒரே பாத்தியில் வற்றவிடாது, பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றுகின்றனர். முன்னைய பாத்திகளில் ஜிப்சத்தைப் படியவிட்டு, தெளிந்த செறிநீரை மட்டும் உப்புப் பாத்திக்கு விடுவதே நல்லுப்பின் இரகசியம். பாத்தியின் அடியிற் கடினமான தோடாகத் தங்கும் ஜிப்சம் உப்பு விளைவிப்போனுக்கு ஓர் இடையூறு, ஆனால் கட்டடக் கலைஞனுக்கோ அஃது ஒரு மூலப்பொருள். தூத்துக்குடி உப்பளங்களிற் படியும் ஜிப்சம் சேகரிக்கப்பட்டுச் சீமெந்து ஆலைகளுக்குச் செல்வது இதற்கு எடுத்துக்காட்டு.

தமிழருக்கு இக்கல் புதியதன்று. கண்ணாடித் தகடு போற் பிளக்கும் இதன் தூய வடிவத்தைச் சித்த மருத்துவர் கற்பூர சிலாசத்து என்னும் பெயரால் அறிந்து மருந்தாக வழங்கினர். திருச்சிராப்பள்ளிப் பகுதியின் பண்டைக் கடற்படிவுகளிலும் ஜிப்சம் காணப்படுகின்றது. இன்று வறண்ட நிலமாகத் தோன்றும் அப்பகுதி, புவியியற் காலத்திற் கடலுக்கடியில் இருந்தமைக்கு அதன் தொல்லுயிர்ச் சுவடுகளும் சான்று. இந்தியாவின் ஜிப்சத்திற் பெரும்பகுதி இராஜஸ்தானத்திலிருந்து கிடைப்பதாகும். இலங்கையில் இத்தகைய பெரிய படிவுகள் இல்லை, ஆதலின் தேவையின் பெரும்பகுதி இறக்குமதியாலேயே நிறைவு செய்யப்படுகின்றது.

ஜிப்சத்தின் சிறப்பு அதன் உள்ளேயுள்ள நீரில் இருக்கின்றது. தொட்டாற் காய்ந்த கல்லாகத் தோன்றும் இப்பொருளின் நிறையில் ஏறத்தாழ 21 சதவீதம் பளிங்கில் அடைபட்ட நீரே. 120 முதல் 150 பாகை செல்சியசு வரை சூடாக்கினால் அந்நீரில் நான்கில் மூன்று பங்கு வெளியேறி, வெண்பொடி எஞ்சும். அப்பொடியிலே மீண்டும் நீரைச் சேர்த்தால் சில நிமிடங்களில் இறுகிக் கல்லாகிவிடும். சுண்ணாம்பை நீற்றுச் சூளையிற் சுடுவதற்கு வேண்டிய வெப்பம் 900 பாகையை அணுகும். ஜிப்சத்துக்கு வேண்டியதோ அடுப்பின் வெப்பத்தைச் சற்றே கடந்த அளவு. எகிப்தியர் தம் பிரமிட்டுக் கட்டட வேலையில் ஜிப்சச் சாந்தைக் கையாண்டதற்கு இவ்வெளிமையும் ஒரு காரணம் எனலாம்.

சீமெந்தின் காலம்

இருபதாம் நூற்றாண்டு சீமெந்தின் நூற்றாண்டு. இலங்கையின் முதற் சீமெந்து ஆலை காங்கேசன்துறையில் 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் புத்தளத்தை அடுத்த பாலாவியில் இரண்டாவது ஆலை 1970 ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கியது. அருவக்காட்டுச் சுண்ணக்கல் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமான தனி இருப்புப் பாதை வழியே இவ்வாலைக்கு வந்து சேர்கின்றது. காங்கேசன்துறை ஆலை 1990 இல் போரினால் மூடப்பட்டது. புத்தள ஆலை தனியார் மயமாக்கப்பட்டு, 1996 இல் ஹொல்சிம் நிறுவனத்திடமும் 2016 இல் தாய்லாந்தின் சியாம் சிற்றி சீமெந்து நிறுவனத்திடமும் கைமாறியது.

சீமெந்துச் சுவரினுள்ளும் ஜிப்சம் உண்டு என்பது பலரும் அறியாதது. சூளையில் வெந்த சீமெந்துக் கட்டியைத் தனியே அரைத்து நீர் சேர்த்தால், மேசன் கரண்டியை எடுக்குமுன்னரே அது இறுகிவிடும். நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஜிப்சம் சேர்த்து அரைக்கும்போதே அவ்வேகம் தணிகின்றது. ஆகவே கடந்த அரை நூற்றாண்டில் இம்மாவட்டத்திற் சீமெந்தாற் கட்டிய வீடு ஒவ்வொன்றினுள்ளும் அறியப்படாத விருந்தாளியாக ஜிப்சம் இருந்து வந்திருக்கின்றது.

பலகையின் பிறப்பு

ஜிப்சத்தைச் சுவரின் உட்பூச்சாகப் பயன்படுத்தும் வழக்கத்துக்குப் பெயர்பெற்ற நகரம் பாரிசு. அந்நகரின் மொன்மார்த்துக் குன்றிலேயே ஜிப்சம் அகழப்பட்டது. 1666 இல் இலண்டன் மாநகரம் தீக்கிரையானதைக் கண்ட பதினான்காம் லூயி மன்னன், மறு ஆண்டிலே பாரிசின் மரச்சுவர்கள் ஜிப்சச் சாந்தினாற் பூசப்பட வேண்டுமென ஆணையிட்டான். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டைக்கு அத்திவாரமிட்ட அதே 1667 ஆம் ஆண்டு அது. ஒருபுறம் கடற்கல்லைக்கொண்டு பகைவனை மறிக்கச் சுவர் எழுந்தது, மறுபுறம் ஜிப்சத்தைக்கொண்டு நெருப்பை மறிக்கச் சுவர் பூசப்பட்டது. சுவரின் இரு நோக்கங்களையும் அவ்வோராண்டு நன்கு உணர்த்துகின்றது. ஜிப்சம் இறுகுவதன் விஞ்ஞானக் காரணத்தை லவோசியே 1765 இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் வைத்த தம் முதல் ஆய்வுரையில் விளக்கினார்.

சாந்தைச் சுவரிற் பூசுவதற்குக் கைதேர்ந்த தொழிலாளரும், அது உலர நாட்கணக்கான பொறுமையும் வேண்டும். இவ்விரண்டையும் தவிர்க்க முனைந்தவர் அமெரிக்கரான ஒகஸ்ரின் சக்கெற். காகித அடுக்குகளுக்கிடையே ஜிப்சச் சாந்தைப் பரப்பி உலர்த்திய பலகைக்கு அவர் 1894 இல் ஆக்கவுரிமை பெற்றார். 1909 இல் அவரது கம்பனியை யுனைற்றட் ஸ்ரேற்ஸ் ஜிப்சம் கம்பனி வாங்கியது. பல அடுக்குகளாக இருந்த பலகை, ஒரே ஜிப்ச உட்கருவும் இருபுறக் காகிதமும் கொண்டதாக 1916 இல் மாற்றப்பட்டது. ‘ஷீற்றொக்’ என்னும் பெயர் 1917 இல் அதற்கு இடப்பட்டது. அதே 1917 இல் இங்கிலாந்திலும் இப்பலகை உற்பத்தி தொடங்கியது.

எனினும் மக்கள் இதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பூசிய சுவரே உண்மைச் சுவரென்றும், பலகை ஏழையின் பதிலிப் பொருளென்றும் எண்ணினர். இரண்டாம் உலகப் போர் அவ்வெண்ணத்தை மாற்றியது. தொழிலாளர் போர்முனைக்குச் சென்றுவிட, படைமுகாம்களும் பின்னர் திரும்பிவந்த வீரருக்கான வீடுகளும் விரைந்து எழ வேண்டியிருந்தன. உழைப்பின் பஞ்சம் உலர்சுவரை உயர்த்தியது. நீர் வேண்டாது எழும் சுவர் ஆதலின் உலர்சுவர் என்னும் பெயர் அதற்குப் பொருந்துவதாயிற்று.

அமைப்பும் வகையும் பயனும்

உலர்சுவரின் அமைப்பை நோக்குங்கால் மாம்புரிக் கிடுகுச் சுவரின் நினைவு எழுவது இயல்பே. நாகம் பூசிய மெல்லுருக்குச் சட்டங்கள் தரையிலும் மேலேயும் பொருத்தப்படும். அவற்றிடையே 400 அல்லது 600 மில்லிமீற்றர் இடைவெளியில் நிமிர்சட்டங்கள் நிறுத்தப்படும். இவற்றின் இருமருங்கிலும் பலகைகள் திருகாணியால் இறுக்கப்படும். மூட்டுக்களிற் காகித நாடாவை ஒட்டி, இணைப்புச் சாந்து பூசித் தேய்த்தால் மூட்டுத் தெரியாத சுவர் கிடைக்கும். நட்ட கழி நிமிர்சட்டமாயிற்று, கிடுகு பலகையாயிற்று, கயிறு திருகாணியாயிற்று. பாரத்தைத் தாங்குவது சட்டகமும் கட்டடத்தின் தூண்களுமே, சுவர் போர்வை மட்டுமே. பொருள் மாறினும் கருத்து மாறவில்லை.

இதன் முதற் பயன் இலேசு. 12.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள பலகை சதுர மீற்றருக்கு எட்டு அல்லது ஒன்பது கிலோகிராம் நிறையே உடையது. இருபுறமும் பலகை கொண்ட சுவர் முழுமையும் ஏறத்தாழ 20 முதல் 25 கிலோகிராம். பூசிய நாலரை அங்குலச் செங்கற் சுவரோ 200 கிலோகிராமையும் கடக்கும். மாடிக் கட்டடங்களில் இவ்வேறுபாடு அத்திவாரம் வரை சென்று செலவைக் குறைக்கின்றது. மின்கம்பிகளும் நீர்க்குழாய்களும் சுவரின் உள்வெளியூடே செல்லலாம். அறையை மாற்றியமைக்க விரும்பினால் சுவரைத் தகர்க்காது கழற்றலாம்.

பலகைகள் பயனுக்கேற்பப் பலவகைப்படும். வெண்மை அல்லது மங்கல் நிறக் காகிதம் போர்த்த சாதாரணப் பலகை வதியும் அறைகளின் இடைச்சுவருக்கும் உட்கூரைக்கும் உரியது. உட்கூரைக்குப் பெரும்பாலும் 9.5 மில்லிமீற்றர் பலகையும், சுவருக்கு 12.5 மில்லிமீற்றர் பலகையும் கையாளப்படும். பச்சை நிறக் காகிதம் போர்த்தது ஈரந்தாங்கு பலகை. நீரை எதிர்க்கும் சேர்பொருள்கள் இதன் உட்கருவிற் கலக்கப்படுகின்றன. சமையலறைக்கும் குளியலறையின் உலர்ந்த பகுதிக்கும் இது ஏற்றது. ஆயினும் இது ஈரத்தைத் தாங்குவதேயன்றி நீரைத் தடுப்பதன்று. நீர் நேரே விழும் இடத்துக்குச் சீமெந்து நார்ப்பலகையே தகும். இளஞ்சிவப்பு நிறத்தது தீத்தாங்கு பலகை. இதன் உட்கருவிற் கண்ணாடி நார் கலந்திருப்பதால், நீரை இழந்த ஜிப்சம் வெடித்து உதிராது நிற்கும். துளையிட்ட பலகைகள் எதிரொலியை அடக்க மண்டபங்களின் உட்கூரையிற் பயன்படும். இரு பலகைகளுக்கிடையே கனிம நாரை இட்டால் ஓர் அறையின் ஓசை மறு அறைக்குச் செல்வது பெரிதும் குறையும்.

தீயைத் தாங்கும் ஆற்றலே ஜிப்சத்தின் தலையாய பண்பு. தீ பற்றும்போது பளிங்கில் அடைபட்ட நீர் ஆவியாகின்றது. அந்நீர் முற்றும் நீங்கும்வரை பலகையின் மறுபுறம் 100 பாகையை அதிகம் கடப்பதில்லை. சுவர் தனக்குள்ளே வைத்திருந்த நீராலேயே தீயை மறிக்கின்றது. ஒரு பொறியில் எரிந்து முடியும் கிடுகுச் சுவருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான்.

ஆயினும் கடற்கரையில் இப்பலகையைப் பயன்படுத்துவோர் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். நீடித்த ஈரப்பதன் சாதாரணப் பலகையைத் தொய்யச் செய்யும். காகிதப் போர்வையிற் பூஞ்சணம் படரும். உப்புக் காற்று சட்டத்தின் நாகப் பூச்சையும் திருகாணியையும் அரிக்கும். ஆதலின் வெளிச்சுவருக்கு இது உரியதன்று. தரையிலிருந்து சிறிது உயர்த்திப் பொருத்துதல், காற்றோட்டம் அமைத்தல், தகுந்த வகையைத் தெரிதல் ஆகியன இக்கரைக்கு இன்றியமையாதன. இறக்குமதிப் பொருளின் தரமும் கருதற்பாலது. 2005 இல் கத்திறீனா சூறாவளியால் அழிந்த வீடுகளை மீளக் கட்டிய காலத்தில், அமெரிக்கத் தென்கரைக்கு வந்த சில சீனப் பலகைகள் கந்தக வாயுக்களை வெளியிட்டுச் செப்புக் கம்பிகளைக் கறுக்கச் செய்தன. வெப்பமும் ஈரமும் மிக்க கரையில் அக்கேடு விரைந்து வெளிப்பட்டது. அவசரத்தில் வாங்கிய சுவர் அங்கு வீட்டுக்கே பகையாயிற்று.

இலேசான சுவரும் சமூகமும்

1977 இற்குப் பின்னர் இலங்கைப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதோடு வெளிநாட்டுக் கட்டடப் பொருள்கள் தடையின்றி வரலாயின. கொழும்பின் அலுவலகங்களிலும் ஓய்விடங்களிலும் உட்கூரையாகவும் இடைச்சுவராகவும் ஜிப்சம் பலகை இடம்பிடித்தது. கற்பிட்டிக் குடாவை உல்லாசப் பயண வலயமாக்கும் திட்டங்களும் அறிவிக்கப்பட்டன. இவ்வாறு இலேசான சுவர் செல்வத்தின் அடையாளமாகத் திரும்பி வந்தது.

அதே கரையில் இலேசான சுவர் வேறொரு பொருளையும் உணர்த்தியது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகின்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திற் புகலடைந்தனர். முகாம்களில் அவர்களுக்குக் கிடைத்தது கிடுகுச் சுவரே. தற்காலிகம் என்று எழுப்பப்பட்ட அச்சுவர்கள் ஆண்டுக்காண்டு மாற்றிக் கட்டப்பட்டு, ஒரு தலைமுறை அவற்றினுள்ளே பிறந்து வளர்ந்தது. உலக வங்கியின் உதவியுடன் 2007 இல் ஒப்புதல் பெற்ற புத்தளம் வீடமைப்புத் திட்டம் நிலையான சுவரை அவர்களுட் பலருக்கு அளிக்க முனைந்தது. பதினேழு ஆண்டுகள் கிடுகுக்குள் வாழ்ந்தவர்க்குச் சீமெந்துச் சுவர் வெறுஞ் சுவரன்று. இனித் துரத்தப்படமாட்டோம் என்னும் உறுதிமொழி அது. இதனை அறியாதார், குறைந்த செலவில் இலேசான சுவர் கட்டலாமே என்று கூறும் அறிவுரையை மக்கள் ஏன் ஏற்பதில்லை என வியப்பர். சுவரின் கனத்தை மக்கள் கிலோகிராமில் மட்டும் அளப்பதில்லை.

இனி இக்கரையிலே புதிய மூலப்பொருள் பிறக்கும் வாய்ப்பு உண்டா என்பதையும் நோக்கலாம். நுரைச்சோலையின் லக்விஜய அனல் மின்னிலையம் 2011 இல் முதலாவது 300 மெகாவாற்று அலகையும் 2014 இல் ஏனைய இரண்டையும் இயக்கத்தொடங்கி, 900 மெகாவாற்று ஆற்றல் பெற்றது. நிலக்கரிப் புகையிலுள்ள கந்தகவீரொட்சைட்டைச் சுண்ணக்கல்லைக்கொண்டு அகற்றினால் ஜிப்சம் பக்க விளைவாகக் கிடைக்கும். யப்பானிலும் ஜேர்மனியிலும் பலகைத் தொழிலுக்கு வேண்டிய ஜிப்சத்தில் பெரும்பங்கு இவ்வாறே பெறப்பட்டு வந்துள்ளது. நுரைச்சோலையிலோ கடல்நீரைக் கொண்டே புகை கழுவப்படுகின்றது. ஆதலின் அங்கு ஜிப்சம் பிறப்பதில்லை. எஞ்சும் பறக்குஞ் சாம்பல் சீமெந்துக்கும் கட்டடக் கற்களுக்கும் பயன்படுகின்றது. மாம்புரியிலேயே 2010 இல் 10 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி இயங்கத் தொடங்கியது. காற்றுக்குச் சாம்பலும் இல்லை, ஜிப்சமும் இல்லை.

கழிவை வீடாக்கும் முயற்சிக்குத் தமிழகம் ஒரு வழியைக் காட்டியுள்ளது. உரத் தொழிற்சாலைகளிற் குவியும் பொசுபோ ஜிப்சத்தைக் கண்ணாடி நாரோடு சேர்த்து வார்த்த 12 மீற்றர் நீளமும் 3 மீற்றர் உயரமுமான உட்குழிவுப் பலகைகளைக்கொண்டு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2013 இல் ஈரடுக்கு மாதிரி வீடொன்றைக் கட்டியது. குழிவுகளிற் கொங்கிறீற்று நிரப்பப்படுவதால் இப்பலகை போர்வையாக மட்டும் நில்லாது பாரத்தையும் தாங்குகின்றது. குறைந்த செலவு, விரைவு, உறுதி ஆகிய மூன்றையும் ஒருங்கே நாடிய முயற்சி இது. ஜிப்சம் செல்வரின் உட்கூரைக்கு மட்டுமே உரியதன்று என்பதற்கு இதுவே தக்க சான்று.

முடிவுரை

புத்தளக் கரையின் சுவர் வரலாற்றிலே மரமதில் அரசனுக்கும், முருகைக்கல் கம்பனிக்கும், கிடுகு ஏழைக்கும் அகதிக்கும், சீமெந்து நிலைபேறு வேண்டியோர்க்கும் உரியனவாயிருந்தன. ஜிப்சம் பலகை யாருக்கு உரியதாகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. அதன் மூலப்பொருள் இக்கரையின் உப்புப் பாத்தியிலே உப்பிற்கு முன்னர் விளைகின்றது. அதன் அமைப்பு முறை இக்கரையின் கிடுகுத் தட்டியிலே நூற்றாண்டுகளாக விளங்கி வந்தது. தீயைத் தாங்கும் ஆற்றல் கிடுகுக் குடிசைவாசிக்கே மிகத் தேவையானது. இம்மூன்றும் இணையவேண்டுமாயின், பொருளை இறக்குமதி செய்தல் மட்டும் போதாது. இக்காற்றுக்கும் இந்த ஈரத்துக்கும் ஏற்ற வகையைத் தெரியும் அறிவும், அதனைப் பொருத்தும் தொழிற்பயிற்சியும் இவ்வூர் இளைஞருக்கு எட்டச் செய்தல் வேண்டும்.

கிடுகு பின்னத் தெரிந்த கைகள் தம் வீட்டுச் சுவரைத் தாமே கட்டின. எந்தப் புதிய சுவர் அந்தச் சுதந்திரத்தைப் பறிக்காமல் பாதுகாப்பைக் கூட்டுகின்றதோ, அதுவே இக்கரைக்குரிய சுவராகும். அத்தகைய சுவர் எழும் நாளில், உப்புப் பாத்தியின் அடியில் ஒதுக்கப்பட்ட வெண்தோடும் வரலாற்றில் தனக்குரிய இடத்தைப் பெறும்.